அண்டைக்கு அவன் துள்ளேல்லை

என் சித்தியின் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு ஓட்டிசம். கதைக்கமாட்டான். ஆனால் அவன் வீட்டில் நிற்கிறான் என்பது படலையடியிலேயே தெரிந்துவிடும். ஹோலில் ஒரு பழைய மெத்தை கிடக்கிறது. விடிந்ததில் இருந்து படுக்கும்வரை அதில் துள்ளிக்கொண்டே இருப்பான். சந்தோசம் என்றாலும் துள்ளுவான், பசித்தாலும் துள்ளுவான், மழை இருட்டினாலும் துள்ளுவான். அயலட்டைக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

போன வருடம் கம்பஸ் விடுமுறையில் நான் சித்தி வீட்டில் நின்றேன். ஒரு நாள் காலை அந்தச் சத்தம் கேட்கவில்லை. பிள்ளை செற்றியில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தான். பாணும் ஜாமும் கண்டால் பறித்துத் தின்கிறவன் அன்றைக்குத் தட்டைத் தள்ளிவிட்டான். மத்தியானம் ஒருக்கால் சத்தி எடுத்தான். பின்னேரம் தன் கையைத் தானே கடிக்கத் தொடங்கினான். சித்தப்பாவுக்கு வேலை வெளியூரில். இரவு எட்டரை மணிபோல நானும் சித்தியும் ஓட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே பிரச்சினை தொடங்கிவிட்டது. மேலே கண்ணை வெட்டுகிற டியூப் லைட் வெளிச்சம். தள்ளுவண்டிச் சில்லுகளின் சத்தம். பக்கத்தில் ஒரு கைக்குழந்தையின் அழுகை. டெட்டோல் மணம். தெரியாத ஆக்கள் உரசிக்கொண்டு போகிறார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து கத்தினான். பிறகு எழும்பி வாசலை நோக்கி ஓடினான். காவலாளி, "பிள்ளையைப் பிடியுங்கோ, இதென்ன விளையாட்டிடமோ?" என்றார். வாங்கில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "செல்லம் குடுத்துக் குடுத்துப் பழுதாக்கிப் போட்டினம்" என்றது எங்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார் போல.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து டொக்டரிடம் போனோம். வயது குறைந்தவர். கண் சிவந்திருந்தது. அன்றைக்கு எத்தனையாவது நோயாளியோ தெரியாது.

"டொக்டர், இவன் இண்டைக்கு முழுக்கத் துள்ளேல்லை" என்றார் சித்தி.

"என்னம்மா?"

"எந்த நாளும் துள்ளிக்கொண்டு திரியிறவன். இண்டைக்கு விடியத் தொடக்கம் ஒருக்காக்கூடத் துள்ளேல்லை. சாப்பிடேல்லை. கையைக் கடிக்கிறான்."

டொக்டர் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தார். முதல் பக்கத்திலேயே ஓட்டிசம் என்று எழுதியிருக்கிறது. சிரித்துக்கொண்டு, "அப்ப இண்டைக்கு அமைதியா இருந்திருக்கிறார், நல்லதுதானே அம்மா" என்றார். வயிற்றைத் தொட்டுப் பார்க்க முயன்றார். அவன் உதைத்தான். இன்னொரு தரம் முயன்றார், இன்னொரு தரம் உதைத்தான். "இந்தப் பிள்ளைகள் இப்பிடித்தான். வீட்டில ஏதும் பழக்கம் மாறியிருக்கும், அதுதான் கை கடிக்கிறார்" என்று சொல்லி, சத்திக்கு மருந்தும் பனடோல் பாணியும் எழுதித் தந்தார். கிளினிக் நாளில் கொண்டுவந்து காட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மற்ற நாள் இரவு காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. இந்த முறை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஸ்கான் எடுத்தார்கள். அப்பெண்டிக்ஸ் வெடித்து வயிற்றுக்குள் கிருமி பரவியிருந்தது. விடியப்புறம் ஒப்பரேசன். துண்டு வெட்டி வீட்டுக்கு வரப் பதினாறு நாள் சென்றது. பிள்ளை தப்பிவிட்டான். இப்போது பழையபடி துள்ளுகிறான். துள்ளும்போது சேர்ட் மேலே போனால் தழும்பு தெரியும்.

நான் படிப்பது கலைப்பீடத்தில். மருத்துவத்தில் எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் இது நடந்து சில மாதங்களுக்குப் பிறகு மருத்துவபீட நண்பன் ஒருவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவன் சொன்ன ஒரு விசயம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. வயிற்று நோவோடு வருகிற சின்னப்பிள்ளைக்கு அப்பெண்டிக்ஸ் சந்தேகம் இருந்தால், "எங்க, ஒருக்காத் துள்ளிக் காட்டுங்கோ பாப்பம்" என்று கேட்பது டொக்டர்மார் செய்கிற ஒரு பரிசோதனையாம். வயிற்றின் உள் சவ்வில் அழற்சி இருந்தால் துள்ளும்போது குத்தும். அதனால் பிள்ளை துள்ளாது, அல்லது துள்ளிவிட்டு வயிற்றைப் பிடிக்கும்.

இதை யோசித்துப் பாருங்கள். டொக்டரால் செய்ய முடியாமல் போன பரிசோதனையின் விடையைச் சித்தி கையில் கொண்டு போயிருக்கிறார். அதையே முதல் வசனமாகவும் சொல்லியிருக்கிறார். அது அங்கே ஒரு தாயின் புலம்பலாகக் கேட்டதே தவிர, மருத்துவத் தகவலாகக் கேட்கவில்லை.

நான் இதை எழுதுவது அந்த டொக்டரைக் குற்றம் சொல்ல அல்ல. அவர் கெட்டவர் இல்லை. அவசரத்தில், நித்திரை இல்லாமல், தனக்குப் படிப்பித்தபடி நடந்தார். என் கேள்வி அவருக்குப் படிப்பிக்கப்படாத விசயம் பற்றியது. கதைக்க முடியாத ஒரு பிள்ளை நோவோடு வந்தால், அந்த நோவை யாரிடம் கேட்பது?

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நோவு குறைவாகத் தெரியும் என்று ஒரு கதை பரவலாக இருக்கிறது. நோவு இல்லாமல் இல்லை, அது வெளியே வருகிற விதம்தான் வேறு. காதுக்குள் சீழ் கட்டியிருக்கிற பிள்ளை காதைக் காட்டாமல் தலையைச் சுவரில் மோதும். பல்லு நோகிற பிள்ளை பக்கத்தில் வருகிறவரைக் கடிக்கும். மலச்சிக்கலால் வயிறு பொருமிய பிள்ளை இரவிரவாக நித்திரை கொள்ளாமல் ஓடித் திரியும். சில பிள்ளைகள் நோவு வந்தால் சிரிக்கவும் செய்வார்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் ஓட்டிசம் என்ற சொல் இருக்கும்போது, இவை எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் கிடைத்துவிடுகிறது: "ஓட்டிசம்தானே, அப்பிடித்தான் இருக்கும்." ஒரு நோயின் பெயர் மற்ற நோய்கள் எல்லாவற்றுக்கும் திரை போட்டுவிடுகிறது.

இத்தனைக்கும் இந்தப் பிள்ளைகள்தான் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டிவருகிற வாய்ப்புக் கூடியவர்கள். வலிப்பு மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு அதிகம் வருகிறது. வயிறு, குடல் சம்பந்தமான உபாதைகளும் அதிகம். கண்ணிமைக்கிற நேரத்தில் வீட்டைவிட்டு இறங்கிப் போய்விடுகிற பழக்கம் பல பிள்ளைகளுக்கு உண்டு. கிணறும் குளமும் றோட்டும் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்களில் அதன் அர்த்தம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் நாட்டில் இப்படி எத்தனை பிள்ளைகள்? ஒரு அரை நகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பரிசோதித்துச் செய்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாக அது கணித்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் அந்தக் கணக்கு பாதி பிழை என்று வைத்தாலும், பெரிய பள்ளிக்கூடம் ஒவ்வொன்றின் பிள்ளைப் பிடிப்பு எல்லைக்குள்ளும் பத்துப் பிள்ளைகளாவது இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு இரவில் ஏதோ ஒரு அவசரப் பிரிவின் வாசலுக்கு வரத்தான் போகிறார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சில விசயங்கள் நல்லாக மாறியிருப்பதையும் சொல்லவேண்டும். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தோடு சேர்ந்து இயங்குகிற அயாதி நிலையம் இருக்கிறது. கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி என்ற சொற்கள் இப்போது ஊர்த் தாய்மாருக்கும் தெரியும். ஏப்ரல் 2ஆம் திகதி வந்தால் நீல நிற பலூன் கட்டுகிறோம். ஆனால் இவை எல்லாம் திகதி குறித்துப் போகிற கிளினிக்கின் உலகம். இரவு ஒன்பது மணிக்கு அப்பெண்டிக்ஸ் திகதி கேட்டு வருவதில்லை. அந்த நேரம் அங்கே பேச்சுப் பயிற்சி மிஸ் நிற்கமாட்டார். நிற்பது பயிற்சி டொக்டரும் இரண்டு தாதிமாரும் ஒரு சிற்றூழியரும் ஒரு காவலாளியும். இந்த ஐந்து பேருக்கும் என்ன தெரியும் என்பதில்தான் பிள்ளையின் விதி இருக்கிறது.

பிள்ளை கத்துவது பற்றியும் சொல்லவேண்டும். ஓட்டிசத்தைத் தீர்மானிக்க உலகம் முழுக்கப் பாவிக்கிற அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, 2013இல் வந்த பதிப்பில், சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவற்றுக்கு அளவுக்கு மீறியோ அளவுக்குக் குறைந்தோ எதிர்வினை காட்டுவதை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அவசரப் பிரிவில் என்ன இருக்கிறதோ அதெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு நெருப்பு. குழப்படி என்பது ஒன்றைப் பெறுவதற்காகச் செய்வது. கேட்டதைக் கொடுத்தால் நிற்கும். இது அதுவல்ல. தாங்கமுடியாமல் உடைந்துபோவது. அந்த நேரம் அதட்டினால் கூடும், அடித்தால் இன்னும் கூடும்.

அதட்டல் சரிவராதபோது நடப்பது பிடித்து அமத்துவது. இரண்டாவது ஆஸ்பத்திரியில் கனுலா போடுவதற்கு நாலு பேர் அவனை அமத்திப் பிடித்தார்கள். ஒருவர் காலில், ஒருவர் தோளில், இரண்டு பேர் கையில். உயிர் போகிற நேரம், வேறு வழியில்லை, நான் அதைப் பிழை சொல்லவில்லை. ஆனால் இன்று வரை அவன் வெள்ளை உடுப்புப் போட்ட ஆளைக் கண்டால் ஒளிக்கிறான். பாடசாலையில் பல் பார்க்க வந்த நாளில் மேசைக்குக் கீழே இருந்து எழும்பவில்லை. அடுத்த முறை அவனுக்கு ஏதும் வந்தால், அன்று அமத்திய நாலு பேரின் கையும் அவன் நினைவில் முன்னுக்கு நிற்கும். அவசரம் இல்லாத நேரத்தில் இப்படிச் செய்யாமல் இருக்க வழிகள் உண்டு. தோலை மரக்கச்செய்கிற கிறீம் இருக்கிறது. பூசி ஒரு மணித்தியாலம் விட்டால் ஊசி குத்துவது தெரியாது. நாங்கள் வாங்கில் காத்திருந்ததே ஒன்றரை மணித்தியாலம்.

எங்கள் நாட்டில் இதற்கு மேல் இன்னொரு மதில் இருக்கிறது, அது மொழி. இரண்டாவது ஆஸ்பத்திரியில் இரவு நின்ற டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்தான் விளங்கும். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் கதைக்காத பிள்ளையின் நோவைத் தாய் மொழிபெயர்க்கவேண்டும், தாயின் தமிழை இன்னொருவர் சிங்களத்துக்கு மொழிபெயர்க்கவேண்டும். அன்று அந்த இன்னொருவர் நான். என்ரை சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற சிங்களம். "துள்ளேல்லை" என்பதற்கு எனக்குச் சொல் வரவில்லை. நான் ஆஸ்பத்திரி நடுவில் நின்று துள்ளிக் காட்டி, பிறகு தலையை இல்லையென்று ஆட்டினேன். அவருக்கு விளங்கியது. உடனே ஸ்கானுக்கு அனுப்பினார். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது என்று ஓ.எல். வரலாற்றில் பாடமாக்கியிருக்கிறேன். அரசகரும மொழி இரண்டும் தெரிந்த ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அவசரப் பிரிவில் நிற்பாரா என்று அந்தப் பாடத்தில் இல்லை.

"வசதியான நாடுகளில இதெல்லாம் சரியா நடக்கும், இங்க எங்க" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் உண்மையில்லை. இங்கிலாந்தில் ஒலிவர் மக்கோவன் என்ற 18 வயது இளைஞன் 2016 நவம்பரில் பிரிஸ்டல் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தான். ஓட்டிசமும் வலிப்பும் இருந்தவன். வலிப்புக்காக அனுமதிக்கப்பட்டிருந்தபோது மனநோய்க்குக் கொடுக்கிற ஒரு வகை மருந்தைக் கொடுத்தார்கள். அந்த வகை மருந்து தனக்கு ஒத்துவராது, வேண்டாம் என்று அவனும் சொல்லியிருந்தான், தாய் தகப்பனும் சொல்லியிருந்தார்கள். காசும் கருவியும் நிறைந்த நாட்டில் குறைந்துபோனது கேட்கிற காது. அவனுடைய தாய் போலா மக்கோவன் ஓயவில்லை. வருடக்கணக்காகப் போராடினார். 2022இல் வந்த சட்டத்தின்படி அந்த நாட்டில் பதிவுபெற்ற சுகாதார, பராமரிப்பு நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு ஓட்டிசம் பற்றியும் கற்றல் குறைபாடு பற்றியும் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும். அந்தப் பயிற்சிக்கு அவனுடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை சாகும்வரை நாங்களும் காத்திருக்கவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது எதிர்வாதத்துக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கு முன் மருத்துவபீட நண்பனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். அவன் மூன்று விசயம் சொன்னான், மூன்றும் நியாயமானவை.

முதலாவது, ஆளும் இல்லை, காசும் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார், தாதிமார் நாட்டைவிட்டுப் போனார்கள், எத்தனை மருந்து வெளியில் வாங்க எழுதித் தந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த நேரத்தில் ஓட்டிசத்துக்குத் தனி அறை கேட்பது சரியா? நான் தனி அறை கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்கிறேன். "வழமையா இவர் எப்பிடி? இண்டைக்கு என்ன வித்தியாசம்?" இந்த இரண்டு வசனத்தையும் கேட்க அரை நிமிசம் போதும். விடையை நோயாளியின் துண்டில் எழுதிவைக்க இன்னொரு அரை நிமிசம்.

இரண்டாவது, எல்லாத் தாய்மாரும் "இண்டைக்குப் பிள்ளை ஒரு மாதிரி" என்றுதான் சொல்வார்கள், எல்லாரையும் ஸ்கானுக்கு அனுப்பமுடியுமா? இதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. கைக்குழந்தையும் கதைக்காது. ஆனால் "பால் குடிக்குதில்லை டொக்டர்" என்று ஒரு தாய் சொன்னால் எந்த டொக்டரும் சிரிக்கமாட்டார். பால் குடிக்காமை ஆபத்தின் அறிகுறி என்று அவர்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். கதைக்க முடியாத நோயாளிக்குத் தாயின் சொல்தான் அறிகுறி என்பது மருத்துவத்துக்கு ஏற்கனவே தெரியும். அந்தக் காதை ஆறு மாதக் குழந்தையின் தாய்க்குக் கொடுக்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையின் தாய்க்கும் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. நோவை அளக்கிற முறைகளிலேயே இதற்கு இடம் இருக்கிறது. முகத்தையும் காலையும் அழுகையையும் பார்த்துப் புள்ளி போடுகிற ஒரு முறையை, கதைக்க முடியாத பிள்ளைகளுக்காகத் திருத்தியிருக்கிறார்கள். "என் பிள்ளை நோவு வந்தால் இப்படிச் செய்யும்" என்று தாய் தகப்பன் சொல்வதையும் அதில் சேர்த்து எழுதலாம்.

மூன்றாவது, வரிசை. உங்களை முன்னுக்கு விட்டால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். இது உண்மைதான், ஏனென்றால் அந்த வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் ஒரு அவசரம் இருக்கிறது. நாங்கள் முந்தக் கேட்கவில்லை. மரத்தடியிலோ ஓட்டோவுக்குள்ளோ இருக்க விட்டு, முறை வரும்போது போனில் ஒரு அழைப்பு எடுத்தால் காணும். பிள்ளை அமைதியாக உள்ளே வந்தால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம். பிள்ளைக்கு நல்லதோ இல்லையோ, டொக்டருக்கு நல்லது.

இவற்றோடு வேறு சின்னச் சின்ன விசயங்களும் உண்டு. பிள்ளையோடு ஒரு ஆள்தான் நிற்கலாம் என்கிற சட்டத்தை இந்தப் பிள்ளைகளுக்குத் தளர்த்தலாம். ஒருவர் பிள்ளையைப் பார்க்க, மற்றவர் மருந்துக்கும் துண்டுக்கும் ஓடவேண்டும். தொடுவதற்கு முன் சொல்லலாம், காட்டலாம். குழல் மாட்டியை முதலில் தாயின் நெஞ்சில் வைத்துக் காட்டினால் அவன் விடுவான். 1990 அம்புலன்சுக்கு எடுக்கும்போதே பிள்ளைக்கு ஓட்டிசம் என்று நாங்களும் சொல்லிவைக்கலாம். காவலாளிக்கும் சிற்றூழியருக்கும் ஒரு பின்னேரம் இதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கலாம். வாசலில் முதலில் சந்திப்பது அவர்களைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப்பார்த்தேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். வேலையிலும் கல்வி நிலைய அனுமதியிலும் பாகுபாடு கூடாது, பொதுமக்கள் போகிற கட்டடத்துக்குள் போகத் தடை கூடாது என்கிறது. நல்லது. அதனால்தான் இப்போது ஆஸ்பத்திரிகளில் சக்கர நாற்காலிக்குச் சாய்வுப்பாதை கட்டுகிறார்கள். ஆனால் என் சித்தியின் மகன் அந்தக் கட்டடத்துக்குள் தன் காலாலேயே நடந்து போனான். கட்டடத்துக்குள் போவதில் அவனுக்குத் தடை இருக்கவில்லை. உள்ளே போனபிறகு அவனை விளங்கிக்கொள்ள ஆள் இருக்கவில்லை. 2016இல் இலங்கை உறுதிப்படுத்திய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் அதையும் பேசுகிறது. நியாயமான முறையில் செய்து கொடுக்கக்கூடிய ஒரு மாற்றத்தைச் செய்யாமல் விடுவதும் பாகுபாடுதான் என்கிறது. ஒரு கேள்வி கேட்பதைவிட நியாயமான மாற்றம் வேறென்ன இருக்கிறது?

எங்கள் இலவச மருத்துவத்தைப் பற்றி எனக்குப் பெருமை இருக்கிறது. அந்த ஒப்பரேசனுக்கு ஒரு சதம் கேட்கவில்லை. பதினாறு நாள் கட்டில், ஊசி, மருந்து, பார்த்துப் பார்த்துக் கட்டு மாற்றிய தாதிமார், எல்லாம் இந்த நாடு தந்தது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி என்பதைச் சமம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "எங்க நோகுது, சொல்லுங்கோ" என்று எல்லாப் பிள்ளையிடமும் ஒரே மாதிரிக் கேட்டால், சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும்தான் மருந்து கிடைக்கும்.

வாங்கில் இருந்த அந்த அம்மாவைப் பற்றியும் அடிக்கடி யோசிப்பேன். அவரில் எனக்குக் கோபம் இல்லை. சித்தியின் மகன் பிறக்காமல் இருந்திருந்தால், நானும் அந்த வாங்கில் இருந்து அப்படித்தான் நினைத்திருப்பேன், சத்தமாகச் சொல்லாமல் விட்டிருப்பேன், அவ்வளவுதான். இதை வாசிக்கிற நீங்கள் ஒரு நாள் அந்த வாங்கில் இருப்பீர்கள். ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் கிடந்து கத்தும். தயவுசெய்து போனை எடுத்து வீடியோ எடுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விடுங்கள். தாயிடம், "அக்கா, துண்டு எடுக்கோணுமோ, நான் எடுத்துத் தரட்டே?" என்று கேளுங்கள். அதுவே பெரிய உதவி.

ஒப்பரேசன் முடிந்து வந்தபிறகு சித்தி ஒரு காரியம் செய்தார். ஒற்றைத் தாள் ஒன்றில் மகனைப் பற்றி எழுதினார். பெயர், வயது, நிறை. எந்த மருந்து ஒத்துவராது. கதைக்கமாட்டான், ஆனால் சொல்வது விளங்கும். தலையைத் தொட்டால் கத்துவான், கையைப் பிடிக்க விடுவான். போனில் ரயில் வீடியோ போட்டால் அமைதியாவான். நோவு வந்தால் அழமாட்டான், கையைக் கடிப்பான். என் பட்ச் நண்பி ஒருத்தி அதைச் சிங்களத்தில் எழுதித் தந்தாள். இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சித்தி கைப்பையில் வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் இப்படியான தாளுக்கு ஆஸ்பத்திரிக் கடவுச்சீட்டு என்று பெயர் வைத்து ஆஸ்பத்திரிகளே கொடுக்கின்றன. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த உடனே வளர்ச்சிப் பதிவேட்டுக் கொப்பி கொடுக்கிற, அதைக் குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாக வந்து பார்க்கிற நாடு இது. அதற்குள் இன்னொரு தாளைச் சேர்ப்பது எங்களுக்குப் பெரிய வேலையா?

சித்தியின் தாளில் கடைசி வரி சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறது, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறது:

"இவன் துள்ளாமல் இருந்தால் உடனே வயிற்றைப் பாருங்கோ."

இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை.